மழைக்கரையில் ஒரு சிறுகப்பல் பயணம்

கேள்வி: கனடாவின் வான்கூவர் தீவிலுள்ள நூட்கா விரிகுடாவைச் சிறு கப்பலில் சுற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். ஓயாத மழையில் அங்கே காண்பதற்கு என்ன இருக்கிறது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பசிபிக்கின் ஈரக்காற்று மலைகளில் மோதுவதால், அத்தீவின் மேற்குக் கரையில் பல இடங்களில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அந்த மழை வளர்த்த செந்தேவதாரு மரங்களைக் குடைந்தே இங்குள்ள பூர்வகுடிகளான மோவச்சாட் மக்கள் திமிங்கில வேட்டைக்கான ஓடங்களைச் செய்தார்கள். கடல் வரலாற்றை அவர்களிடமிருந்து தொடங்குவதே நியாயம்.

1778 மார்ச்சில் பிரிட்டிஷ் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பல்கள் இங்கே நங்கூரமிட்டன. அவருடைய மாலுமிகள் பண்டமாற்றில் வாங்கிய கடல் நீர்நாய்த் தோல்கள் சீனாவின் கான்டனில் பெரும் விலைக்குப் போனதால் வணிகர்கள் குவிந்தார்கள். 1789-இல் ஸ்பானியர் இங்கே பிரிட்டிஷ் கப்பல்களைக் கைப்பற்ற, இரு நாடுகளும் போரின் விளிம்புவரை சென்றன. அதைத் தீர்க்க பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜார்ஜ் வான்கூவரும் ஸ்பானியக் கடற்படை அதிகாரி போதேகா இ குவாட்ராவும் 1792-இல் இவ்விரிகுடாவிலுள்ள யூக்வாட் என்னும் சிற்றூரில் சந்தித்தார்கள். அச்சந்திப்பைச் சித்திரிக்கும், ஸ்பெயின் அன்பளிப்பாகத் தந்த வண்ணக் கண்ணாடிச் சாளரத்தை அங்குள்ள பழைய தேவாலயத்தில் அவசியம் பாருங்கள். அந்த வணிகத்தால் நீர்நாய்கள் இக்கரையிலிருந்தே அற்றுப்போயின என்பது எனக்கு இன்றும் வேதனை தரும் செய்தி.

குறுகிய நீர்வழிகளுக்குள் சிறு கப்பலே எளிதாக நுழையும். மழை குறைந்த ஜூலை, ஆகஸ்டில் செல்லுங்கள். அப்போதும் மழைச்சட்டை வேண்டும்.