நியூயார்க்கின் எளிய கோஷர் உணவகங்கள்: கேள்வி பதில்

கேள்வி: கோஷர் உணவகம் என்றால் எந்த நாட்டுச் சமையல் கிடைக்கும்?

பதில்: கோஷர் என்பது சமையல் வகை அன்று, எதை உண்ணலாம், எதை எதனோடு சேர்க்கலாகாது என்று யூத சமயம் வகுத்த விதிகளின் தொகுப்பு. அதனால்தான் குவீன்ஸின் 108ஆம் தெருவில் மத்திய ஆசியாவிலிருந்து வந்த புகாரா யூதர்களின் ஆட்டிறைச்சிக் கபாபும், புரூக்ளினின் மிட்வுட் பகுதியில் பீட்சாவும், மன்ஹாட்டனின் லெக்சிங்டன் அவென்யூவில் மசால் தோசையும் ஒரே விதிகளுக்கு உட்பட்டுக் கிடைத்து வந்திருக்கின்றன. பன்றி, இறால், நண்டு எங்கும் கிடையாது.

கேள்வி: ஒரு கடையில் கோழி பீட்சா கேட்டபோது சிரித்தார்கள், இன்னொரு கடையில் காபிக்குப் பால் இல்லை என்றார்கள். ஏன்?

பதில்: ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கலாகாது என்ற கட்டளை யூத வேதமான தோராவில் மூன்று இடங்களில் வருகிறது. யூத சமய குருமார்களான ரபிகள் அதை விரித்து, இறைச்சியும் பாலும் ஒரே உணவில் சேரக்கூடாது என்றும், கோழியும் இறைச்சியே என்றும், இரண்டிற்கும் பாத்திரங்கள்கூடத் தனித்தனியாக இருக்க வேண்டும் என்றும் வகுத்தனர். சிறிய கடையில் இரண்டு சமையலறைகளுக்கு இடம் ஏது? ஆகவே ஒவ்வொரு கடையும் ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொள்கிறது. உள்ளே நுழையும்போதே ‘மீட்டா, டெய்ரியா’ என்று கேட்டுவிடுங்கள். அந்த ஊரில் அது இயல்பான கேள்வி.

கேள்வி: நான் முட்டையும் உண்ணாத சைவம். டெய்ரி கடையை நம்பலாமா?

பதில்: இறைச்சியைப் பொறுத்தவரை முழுமையாக நம்பலாம். ஆனால் மீனும் முட்டையும் யூத விதிப்படி இறைச்சியிலும் சேராதவை, பாலிலும் சேராதவை. இந்த நடுநிலை வகைக்குப் ‘பார்வே’ என்று பெயர். பார்வே என்று எழுதிய கேக்கில் பால் இராது, முட்டை பெரும்பாலும் இருக்கும். நம்மவர் பலர் தடுக்கி விழும் இடம் இது. இரண்டாம் அவென்யூவில் 1938 முதல் இயங்கும் பி அண்ட் எச் டெய்ரி என்ற ஒடுங்கிய கடையில் சூப்பும் ரொட்டியும் எனக்கு மிகவும் பிடித்தவை. எகிப்திய முஸ்லிம் கணவரும் போலந்துக் கத்தோலிக்க மனைவியும் கோஷர் கடை நடத்துவது நியூயார்க்கிற்கே உரிய காட்சி. அங்கும் ரொட்டியில் முட்டை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: புகழ்பெற்ற யூத டெலிகள் (இறைச்சி சாண்ட்விச் கடைகள்) எல்லாம் கோஷர்தானே?

பதில்: அல்ல. 1888இல் தொடங்கிய காட்ஸ் டெலியில் உப்பிட்டுப் புகையூட்டிய மாட்டிறைச்சியான பாஸ்ட்ராமி அருமை. ஆனால் இறைச்சியின் மேல் சீஸ் வைத்த ரூபன் சாண்ட்விச்சும் அங்கே கிடைக்கும் என்பதிலிருந்தே விடை தெரியும். பெயர்ப்பலகையை விட்டுச் சுவரில் மாட்டிய சான்றிதழைப் பாருங்கள்: சான்றளித்த அமைப்பு அல்லது ரபி யார், எந்த நாள்வரை செல்லும் என்பவை அதில் இருக்கும். 1915இல் இயற்றிய மாநிலச் சட்டம் எது கோஷர் என்று அரசே வரையறுக்க வழிசெய்திருந்தது. சமயத்தில் அரசு தலையிடுகிறது என்று 2000இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. 2004இல் வந்த புதிய சட்டம், சான்றளிப்பவர் யார் என்பதை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்பதோடு நின்றுகொள்கிறது. எந்தச் சான்றை ஏற்பது என்பது உண்பவரின் பொறுப்பு. செகண்ட் அவென்யூ டெலியிடம் சான்று இருந்தும், யூதரின் ஓய்வு நாளான சனிக்கிழமையும் அது திறந்திருப்பதால் ஆசாரமான யூதர் பலர் அங்கே உண்பதில்லை.

கேள்வி: தோசைக் கடைக்குக் கோஷர் சான்று எதற்கு?

பதில்: இறைச்சியே இல்லாத சமையலறை ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டது, சான்று பெற்றால் யூத வாடிக்கையாளரும் வருவர். ஆயினும் சைவம் என்றாலே கோஷர் ஆகிவிடாது. மஷ்கியாக் எனப்படும் மேற்பார்வையாளர் சமையலறைக்கு வந்து பார்ப்பார். பூச்சியை உண்பது தடை என்பதால் கீரை, கொத்தமல்லி, காலிஃபிளவர் ஆகியவற்றைக் கழுவி ஆராய வேண்டும். சீஸும் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். சமைப்பவர் யூதர் அல்லர் என்றால், அடுப்பை மேற்பார்வையாளரே ஏற்றிவைப்பதும் உண்டு. கொத்தமல்லியை வெளிச்சத்தில் பிடித்து இலை இலையாகப் பார்ப்பதைக் கண்டால், நம் வீட்டில் கீரை ஆயும் பாட்டியின் கண்டிப்பு நினைவுக்கு வரும்.

கேள்வி: வெள்ளிக்கிழமை இரவு சென்றால் இடம் கிடைக்குமா?

பதில்: ஓய்வு நாள் வெள்ளி மாலை சூரியன் மறையும்போது தொடங்கிச் சனி இரவு முடிவதால், யூதர் நடத்தும் கடைகளில் பெரும்பாலானவை வெள்ளி பிற்பகலே மூடப்படும். குளிர்காலத்தில் சூரியன் விரைவில் மறைவதால், சில கடைகள் சனி இரவு மீண்டும் திறக்கும். யூதரின் பாஸ்கா பண்டிகை வாரத்தில் பல கடைகள் முழுவதும் மூடியிருக்கும்.

கேள்வி: குழந்தைக்கு வீட்டிலிருந்து பருப்புச் சாதம் எடுத்துச் செல்லலாமா?

பதில்: வெளி உணவு எதுவும் உள்ளே கூடாது, நெய் கலந்த சாதம் மீட் கடையின் தட்டில் பட்டால் அவர்களுக்கு உண்மையிலேயே சிக்கல். கைக்குழந்தையின் பால் புட்டி என்றால் பணியாளரிடம் முன்பே சொல்லுங்கள், பெரும்பாலும் இணங்குவார்கள். ஒருமுறை என் பையிலிருந்த இட்லிப்பொடிப் புட்டியைக் கண்டதும் பணியாளர் மிகுந்த மரியாதையோடு அதை வாசல் மேசையில் வைத்துக் காத்துத் தந்தார்.