சயாம் மரண ரயில்: புதைகுழிகள் எங்கே? (கேள்வி பதில்)

இரண்டாம் உலகப் போரின்போது மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியரின் தாய்லாந்து (பழைய பெயர் சயாம்)–பர்மா ரயில் பாதை போடப் போய்த் திரும்பாத தமிழர்களின் புதைகுழிகள் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள்.

கேள்வி: தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் நம்மவர் பெயரே கண்ணில் படவில்லையே, ஐயா?

பதில்: அது படையினருக்கான இடம். ஏறக்குறைய 7,000 பேர், பெரும்பாலும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள். நம்மவர்கள் கூலிகளாகப் போனதால் அந்தக் கணக்கில் வரவில்லை. 415 கிலோமீட்டர் பாதையில் இறந்த கைதிகள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் 90,000 என்பார்கள்; அது மதிப்பீடுதான், யாரும் எண்ணி எழுதியதில்லை.

கேள்வி: கைதிகளை மட்டும் எப்படி எண்ண முடிந்தது?

பதில்: கைதிகளாயிருந்த படை அதிகாரிகள் ஒளித்துவைத்து எழுதிய குறிப்புகளால். 1945இல் போர் முடிந்த கையோடு ஒரு தேடும் குழு பாதை நெடுகப் போய் 10,549 கல்லறைகளை அடையாளம் கண்டது. கிடைக்காதவை 52 மட்டுமே. தொழிலாளர் முகாம்களில் பெரும்பாலும் மருத்துவரும் இல்லை, பேரெழுத ஆளும் இல்லை. 1943 மழையில் காலரா புகுந்ததும் அத்தாப்பு ஓலைக் கொட்டகைகளில் கிடந்த பிணங்களைக் குழியில் தள்ளினார்கள், அல்லது மூங்கில் அடுக்கிக் கொளுத்தினார்கள். உயிர் இருக்கும்போதே கொட்டகையோடு எரித்தார்கள் என்றும் தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் காடு மூடிக்கொண்டது.

கேள்வி: விரும்பிப் போனார்களா, பிடித்துப் போனார்களா?

பதில்: இரண்டும்தான். ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டத்தில் வேலையில்லை. நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) கூலி, சில மாதத்தில் திரும்பலாம் என்றதும் போனார்கள். ஆள் போதாதபோது இலவசப் படம் என்று கொட்டகைக்குள் சேர்த்துக் கதவைச் சாத்தி ஏற்றிப் போனார்கள்.

கேள்வி: அஞ்சலி செலுத்த ஓர் இடமாவது உண்டா?

பதில்: காஞ்சனபுரி நகரிலேயே வாட் தாவோர்ன் வராராம் என்ற பௌத்தக் கோயில் இருக்கிறது. போருக்குப் பின் திரட்டிய தொழிலாளர் எலும்புகளுக்கு அங்கே ஒரு தூபி. சில ஆண்டுகளுக்கு முன் தமிழர்களுக்கென நடுகல்லும் நாட்டினார்கள். குவாய் ஆற்றுப்பாலத்தில் படமெடுப்பவர்களில் பாதிப் பேராவது அங்கே எட்டிப் பார்க்கலாம். 1990இல் அதே ஊரில் கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. இன்னும் எத்தனை வயலுக்கடியில் கிடக்கின்றனவோ!

கேள்வி: எங்கள் தாத்தா சயாமுக்குப் போனவர், அண்ணா. இறந்த நாள் தெரியாது. திதி எப்படிக் கொடுப்பது?

பதில்: நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் கொடுப்பது வழக்கம், தம்பி. அதோடு அவர் பெயர், தோட்டம், கங்காணி பெயர், கூடப் போனவர்கள், எல்லாவற்றையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். தோட்டத்தின் பழைய பெயரையும் விடாதீர்கள். கைமாறியபோது பல தோட்டங்களின் பெயர் மாறிவிட்டது.