பஞ்சாயத்துக் கணக்கைப் படிக்கப் போகும் மகள்

அன்புள்ள ஐயா,

சென்ற சனிக்கிழமை மகளின் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்க அவளோடு நீங்கள் வந்துபோனபோது பேச்சில் விட்டுப்போனவற்றை எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். படியிறங்கும்போது நீங்கள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "பி.ஏ. பொருளாதாரம் போதாதென்று, இன்னும் ஏழு வருடம் உள்ளாட்சி ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்கிறாள். பஞ்சாயத்து ஆபீஸில் ஆராய என்னங்க இருக்கிறது?"

கோபமாகத்தான் கேட்டீர்கள். எனக்கு அதில் பயம்தான் தெரிந்தது. எட்டு பவர் டேபிளை (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்களை) வைத்துக்கொண்டு, ஆர்டர் வந்த மாதம் இரவு ஷிப்ட் ஓட்டி, வராத மாதம் கைக்காசு போட்டு வட்டி கட்டிப் பிள்ளையைப் படிக்கவைத்தவருக்கு அந்தப் பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

உங்கள் தொழிலில் இருந்தே தொடங்குகிறேன். பனியன் தொழில் திருப்பூருக்கு உலகச் சந்தையைக் கொண்டுவந்தது. தண்ணீரும் சாக்கடையும் அந்த வேகத்துக்கு வரவில்லை. 2005இல்தான் தனியார் பங்கேற்புடன், நாளொன்றுக்கு 185 மில்லியன் லிட்டர் கொள்ளளவுள்ள குடிநீர்த் திட்டம் ஓடத் தொடங்கியது. நகராட்சி 2008இல் மாநகராட்சியாயிற்று, அடுத்த ஆண்டு தனி மாவட்டம் வந்தது. அதற்குள் நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்து, கீழே ஒரத்துப்பாளையம் அணை வரை பாசனம் கெட்டுப்போயிருந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது உங்கள் பட்டறைக்குத் துணி வராமல் எத்தனை நாள் கதவைச் சாத்தி வைத்திருந்தீர்கள் என்று நீங்களே சொன்னீர்கள். வளர்ச்சிக் கொள்கையைத் தில்லியிலும் சென்னையிலும் எழுதுகிறார்கள். அது ஊருக்குள் வந்து நிற்கும் இடம் சாக்கடையும் குழாயும் ரோடும்தான். அவற்றை யார் திட்டமிட்டிருக்க வேண்டும், பணம் எங்கிருந்து வந்திருக்க வேண்டும், ஏன் வரவில்லை என்பதுதான் உங்கள் மகள் படிக்க விரும்பும் பாடம். உங்கள் பிழைப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

அவள் கொண்டுவந்த நாற்பது பக்க நோட்டை நீங்கள் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. உங்கள் ஊர்க் கிராம சபையில் வாசித்த வரவு செலவை அப்படியே குறித்து வைத்திருக்கிறாள். இடப்பக்கம் வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி. வலப்பக்கம் தெருவிளக்குக்கும் போர் மோட்டாருக்கும் கட்டிய மின்கட்டணம், மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர் சம்பளம். கீழே பென்சிலில் ஒரு வரி: "ஊருக்குள் இத்தனை கம்பெனி வந்த பிறகும் தொழில் வரி ஏன் ஏறவில்லை?" வேலை செய்பவர்களும் தொழில் செய்பவர்களும் கட்டுகிற தொழில் வரி, நம் மாநிலத்தில் உள்ளாட்சிக்கே போகிற வரி. அது ஏறாவிட்டால் ஒன்று வசூல் சரியில்லை, இல்லை கணக்கெடுப்பே நடக்கவில்லை, அதுவும் இல்லையென்றால் வேலை செய்பவர்கள் யார் கணக்கிலும் இல்லாதவர்கள். மூன்றும் மூன்று தனி ஆராய்ச்சி. முப்பது வருடத்தில் என்னிடம் வந்த பிள்ளைகளில், ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று சொன்னவர்கள் நிறைய. கேள்வியோடு வந்தவர்கள் கொஞ்சம்தான்.

இது உலகம் மதிக்காத சின்ன வேலை என்ற எண்ணமும் உங்களுக்கு இருக்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. எந்த ஊர் மகளிர் ஊராகும் என்பது சுழற்சியில் முடிவானதால், ஒதுக்கிய ஊரையும் ஒதுக்காத ஊரையும் நேர்மையாக ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் 265 ஊராட்சிகளில் கணக்கெடுத்து, பெண் தலைவர்கள் இருந்த ஊர்களில் குடிநீர் வசதிக்குக் கூடுதலாகச் செலவாகியிருக்கிறது என்று 2004இல் காட்டினார்கள். ஊர் ஊராகப் போய்க் கிணற்றையும் குழாயையும் எண்ணிச் செய்த ஆய்வு அது. டுஃப்லோ 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

நம் மாநிலத்திலேயே எடுக்க ஆளில்லாமல் கேள்விகள் கிடக்கின்றன. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. உங்கள் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். இடைப்பட்ட மூன்று ஆண்டுகள் தனி அலுவலர்கள் கையில் நிர்வாகம் இருந்தது. அந்தக் காலத்தில் பைப் உடைந்தால் சரிசெய்ய எத்தனை நாளாயிற்று, வரி வசூல் ஏறியதா இறங்கியதா? உடுமலைப்பேட்டையைத் தாண்டி மலை ஏறினால் கேரளம். அங்கே 1996இல் மக்கள் திட்டம் என்று தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் கொடுத்தார்கள். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு ஊராட்சிகளை எடுத்து ஒப்பிட்டாலே ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதும்.

இனி அவளுக்குச் சொல்ல வேண்டியது. இந்தப் பகுதியை அவளே படிக்கட்டும்.

அம்மா, உன் குறை கணிதம். பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்துக் கணிதத்தை விட்டுவிட்டாய். ஊராட்சி ஆராய்ச்சிக்குக் கணிதம் எதற்கு என்று நீ கேட்டதை நான் ஏற்கவில்லை. பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் எலினோர் ஆஸ்ட்ரம். பள்ளியில் அவரை முக்கோணவியல் வகுப்பில் சேர்க்கவில்லை. பிறகு பல்கலைக்கழகத்தில் பொருளாதார முனைவர் பட்டத்துக்குப் போக நினைத்தபோது, கணிதம் இல்லையென்று வழி அடைபட்டது. அரசியல் அறிவியலுக்குப் போனார். தெற்குக் கலிபோர்னியாவில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சிக் கடல்நீர் உள்ளே ஏறியபோது, அந்தப் பகுதி மக்களும் அமைப்புகளும் கூடி அதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் 1965இல் அவர் முடித்த ஆய்வு. பிறகு இண்டியானாபோலிஸ் பகுதியில் சிறிய காவல் துறைகளையும் பெரிய காவல் துறையையும் ஒப்பிட்டு, பெரிதாக்கினால் சேவை மேம்படும் என்பது உண்மையல்ல என்று காட்டினார். தனி நகராட்சிகளாக இருந்த வேலம்பாளையமும் நல்லூரும் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்ததை நினைத்துக்கொண்டு அதைப் படித்துப் பார், உனக்குத் தூக்கம் வராது. ஆனால் அவருக்கு அடைபட்ட கதவு உனக்கு அடைபட வேண்டியதில்லை. முதுகலை நுழைவுத் தேர்வுக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது. மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் பாடங்களை வைத்து நுண்கணிதத்தையும் புள்ளியியலையும் இப்போதே தொடங்கு. தினமும் ஒரு மணி நேரம், ஞாயிறு உட்பட. அந்தத் தேர்வில் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

எம்.ஏ.வைப் பொருளாதாரத்தில்தான் செய்ய வேண்டும். சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், ஊரக நிர்வாகத்தில் மனம் போனால் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் என்று பார்க்கலாம். முனைவர் பட்டத்துக்கு மால்கம் ஆதிசேஷையா 1971இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையம், பொது நிதியில் போக வேண்டுமானால் தில்லியிலுள்ள தேசிய பொது நிதி, கொள்கை நிறுவனம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கட்டடத்தின் பெயரைப் பார்த்து முனைவர் பட்டத்துக்குச் சேராதே. என்னிடம் வந்துபோன ஒரு பையன், கெட்டிக்காரன், நெறியாளர் களத்துக்கே போகாதவர் என்று தெரியாமல் சேர்ந்தான். தலைப்பை மூன்று முறை மாற்றச் சொன்னார்கள். நான்காம் ஆண்டில் கையில் ஓர் அத்தியாயம்கூட இல்லாமல் விட்டுவிட்டு வந்தான். சேரும் முன்பு அந்த ஆசிரியர் கடைசி ஐந்து ஆண்டுகளில் எழுதியதைப் படி. அவரிடம் முடித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவர்களையே கேள்.

ஐயா, மறுபடி உங்களுக்கு. பணக்கணக்கு இது. எம்.ஏ. இரண்டு ஆண்டு உங்கள் செலவு. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்துவிட்டால் ஆராய்ச்சியின் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. அதன் மேல் வீட்டு வாடகைப் படி தனி. ஜே.ஆர்.எஃப். இல்லாமல் முனைவர் பட்டத்தில் இறங்க வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து. இரண்டு முறை முயன்றும் கிடைக்கவில்லையென்றாலும் எம்.ஏ. வீணாகாது. பொருளாதாரத்தில் முதுகலை முடித்தவர்கள் 21 முதல் 30 வயதுக்குள் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதலாம். இடம் குறைவு, போட்டி கடுமை, ஆனால் இவளுக்குப் பொருந்துகிற தேர்வு. இளைஞர்கள் அரசுத் துறைகளோடு சேர்ந்து வேலை செய்யும் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் வேலையும் இருக்கிறது, ஆனால் நிரந்தரப் பணியிடம் வரும் வரை கௌரவ விரிவுரையாளராகச் சில ஆண்டுகள் ஓடலாம், அதை மறைக்க மாட்டேன்.

உங்கள் வீட்டம்மா வாசலில் தயங்கிக் கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். எம்.ஏ. முடிக்கும்போது அவளுக்கு 22 வயது. அதற்குள் கல்யாணப் பேச்சு எடுக்காதீர்கள். அதற்குப் பிறகு எடுத்தாலும், ஆராய்ச்சியைத் தொடர விடுகிற வீடா என்று முதலில் கேளுங்கள், நகைக் கணக்கை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

வருகிற அக்டோபர் 2 கிராம சபை. உங்கள் பட்டறைக்கும் அன்று விடுமுறை. மகளோடு போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். கணக்கு வாசிக்கும்போது அவள் எழுதுவதைப் பாருங்கள், தொழில் வரிக் கேள்வியை எழுந்து கேட்டாளானால் பக்கத்தில் நில்லுங்கள். மறுநாள் எனக்கு ஒரு போன் போடுங்கள், நுழைவுத் தேர்வுக்கான நாளட்டவணையை மூவரும் சேர்ந்து போடலாம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்