கலிபோர்னியாவில் எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) உள்ள வீட்டின் புல்தரையை எடுத்துவிட்டு நாட்டுச் செடிகள் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். நான் சான் ஹோசே பக்கம். மூன்று வருடம் முன்பு முன்வாசலில் இருந்த 600 சதுர அடிப் புல்லை எடுத்தேன்.

"முன்பக்கம் புல் இருந்தே ஆகணும், அது விதி" என்றுதான் எங்கள் சங்கமும் முதலில் பதில் எழுதியது. அப்படி ஒரு விதி இருந்தாலும் செல்லாது. தண்ணீர் குறைவாகக் குடிக்கும் செடிகளையோ, புல்லுக்குப் பதில் அவற்றை வைப்பதையோ சங்கங்கள் தடுக்க முடியாது என்கிறது மாநில சிவில் சட்டம், 4735ஆம் பிரிவு. (2015க்குப் பிறகு செயற்கைப் புல்லுக்கும் இதே பாதுகாப்பு. வெயிலில் கால் சுடும், எனக்குப் பிடிக்காது.) பிரிவு எண்ணைப் போட்டு ஒரு மெயில் அனுப்பினேன். "சரி, வரைபடம் கொடுங்கள்" என்றார்கள். அதைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு, கொடுத்துவிடுங்கள்.

ஆனால் அந்தப் பிரிவு பேசுவது குறைந்த நீர்ச் செடிகளைப் பற்றி, நாட்டுச் செடிகளைப் பற்றி அல்ல. ரெட்வுட் அசல் கலிபோர்னியா மரம்தான். கடலோர மூடுபனியில் வளர்ந்தது, உள்ளே வெயில் ஊரில் வைத்தால் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் வரைபடத்தில் ஒவ்வொரு செடியின் நீர்த்தேவையையும் எழுதுங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வூகோல்ஸ் பட்டியலில் வட்டார வாரியாக இருக்கிறது.

சிட்டி விதி வேறு. ஊர்கள் பின்பற்றும், தோட்டத்தில் தண்ணீரைச் சிக்கனமாக்கும் மாநில மாதிரி விதிப்படி, பெர்மிட் வாங்கிச் செய்யும் வேலைகளில், புதுத் தோட்டம் என்றால் 500 சதுர அடியிலிருந்தும், பழையதை மாற்றினால் 2,500 சதுர அடியிலிருந்தும்தான் கணக்கு. நான் தப்பித்தேன். சில ஊர்களில் இதைவிடக் கடுமையாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். அந்த விதி சொல்லும் 3 அங்குல மூடாக்கை (மண்மேல் பரப்பும் மரச்சில்லு, சருகு) மட்டும் கட்டாயம் இல்லாவிட்டாலும் போடுங்கள்.

புல்லை எடுப்பதற்கான மானியம் வேண்டுமென்றால் ஒப்புதல் வரும்வரை புல்லில் கை வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஆர்வக்கோளாறில் கொத்திப் போட்டுவிட்டு விண்ணப்பித்தார். ஒரு டாலர் வரவில்லை.

நடுவதற்கு அக்டோபர், நவம்பர்தான் நல்லது. நம் ஐப்பசிக் கணக்குதான், மழை வேரைப் பிடிக்க வைத்துவிடும். முதல் ஒன்றிரண்டு கோடைகளில் அவ்வப்போது தண்ணீர் விட்டால் போதும். இரண்டாம் கோடையில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். "பச்சப்புள்ள மாதிரி வாடுதேடா" என்று ஜூலை முழுக்கத் தினமும் குடம் குடமாக ஊற்றினார். இரண்டு சியனோதஸ் (நாட்டுப் புதர்ச்செடி) வேர் அழுகிச் செத்தன. அந்த இடத்தில் இப்போது டியர் கிராஸ் என்ற நாட்டுக் கொத்துப்புல் இருக்கிறது. அம்மா ஊற்றினாலும் தாங்கும்.