கப்பல் மாதிரி, கையால் செய்த கருவிகள்: கேட்டதும் சொன்னதும்

என் மேசையில் இப்போது பாதியில் நிற்பது எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி. 1782ல் திருகோணமலைக்கு அப்பால் நடந்த கடற்சண்டையின் நினைவாகப் பெயர் வைத்து, பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817ல் நீரில் இறக்கிய போர்க்கப்பல். அசல் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. படங்களைப் பார்த்தவர்கள் நிறையக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். வரிசை எதுவும் இல்லை.

கேள்வி: அண்ணா, இதுவரை எதுவும் செய்ததில்லை. விக்டரி என்ற பழைய போர்க்கப்பலின் கிட் வாங்கலாம் என்று பார்க்கிறேன். எந்த ஸ்கேல் நல்லது?

வாங்காதீர்கள் தம்பி. விக்டரியின் பீரங்கித் தளம் மட்டுமே 186 அடி. 1:48ல், அதாவது அசலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் செய்தால் அதுவே 118 சென்டிமீட்டர், அதற்கு மேல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பமும் பாய்மரங்களும் இருக்கின்றன. இரண்டு அறை வீட்டில் அதை எங்கே வைப்பீர்கள்? இடத்தைவிடப் பெரிய தொல்லை, நூறு பீரங்கி என்றால் நூறு வண்டி, நானூறு சக்கரம், எல்லாம் ஒரே மாதிரி. பத்தாவது வண்டியில் அலுத்துப் போய் பெட்டி பரணுக்குப் போய்விடும். நான் பார்த்த முக்கால்வாசி விக்டரிகள் பரணில்தான் இருக்கின்றன.

முதலில் ஒற்றைப் பாய்மரப் படகு ஒன்றை 1:24ல் செய்யுங்கள். பலகை பதிப்பது, கயிறு கட்டுவது, பாய்மரம் இழைப்பது எல்லாமே அதிலும் உண்டு, ஒவ்வொன்றும் கொஞ்சமாக. போர்க்கப்பல்களுக்கு வழக்கமாக இருக்கும் அளவுகள் 1:48, 1:64, 1:96. அடிக்குக் கால் அங்குலம் என்பதால் 1:48ல் கணக்குப் போடுவது சுலபம். ட்ரிங்கோமலியின் பீரங்கித் தளம் சுமார் 150 அடி. 1:64ல் 71 சென்டிமீட்டர் வருகிறது, என் அலமாரி தாங்கும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன். வேறு பெரிய காரணம் இல்லை.

கேள்வி: அசல் தேக்கு, நம் ஊரிலும் தேக்கு கிடைக்கிறது. பிறகு ஏன் மஞ்சள் கடம்பில் செய்கிறீர்கள்?

தேக்கின் துளைகள் வெறும் கண்ணுக்கே தெரியும். 0.3 மில்லிமீட்டர் துளையை 64 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள், இரண்டு சென்டிமீட்டர் ஓட்டை. அசல் கப்பலின் பலகை முழுக்க விரல் நுழையும் ஓட்டைகள் இருந்ததாக ஆகிவிடும். மாதிரி செய்யும்போது மரத்தின் பெயர் பொருந்த வேண்டியதில்லை, ரேகையின் நுண்மை பொருந்த வேண்டும். தேக்கில் எண்ணெய்ச் சத்து வேறு உண்டு, பசை சரியாகப் பிடிக்காது.

வெளிநாட்டில் பேரிக்காய் மரம், பாக்ஸ்வுட் என்று வாங்குகிறார்கள். இங்கே மஞ்சள் கடம்பு நெருக்கமான ரேகை, இழைத்தால் வழுவழுப்பு, நிறமும் கப்பல் பலகைக்கு ஏற்றது. கப்பி மாதிரி பொடிச் சாமான்களுக்கு வெப்பாலை. சென்னப்பட்டணா பொம்மைகள் செய்வது அந்த மரத்தில்தான், கடைசலுக்கு அப்படி ஒத்துழைக்கும். மரவாடியில் போய் 'கப்பல் செய்ய' என்று கேட்டால் விலை ஏறும். துண்டுக் கட்டை, நன்றாக உலர்ந்தது, முடிச்சு இல்லாமல் என்று மட்டும் கேளுங்கள். கடைசல் பட்டறைக் கழிவுக் குவியல் இன்னும் நல்ல இடம். பால்சா வேண்டவே வேண்டாம்.

கேள்வி: வரைபடம் எங்கே கிடைக்கும்? பிரிண்ட் எடுத்தால் அளவு பொருந்தவில்லை.

பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அசல் வரைபடங்கள் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, நகல் விலைக்குத் தருவார்கள். வரைபடம் தொலைவது ஒன்றும் புதிதல்ல. ட்ரிங்கோமலியின் வரைபடங்களை இங்கிலாந்திலிருந்து எச்.எம்.எஸ். ஜாவா கொண்டுவந்தபோது, 1812 டிசம்பரில் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் அதைத் தாக்கி அழித்தது. வரைபடமும் போயிற்று, மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது.

ஜெராக்ஸ் கடையில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற வசதியை முதலில் அணைக்கச் சொல்லுங்கள். தாளில் உள்ள அளவுகோலை எஃகு ஸ்கேல் வைத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் சோதித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கேள்வி: பலகைப் பட்டைகளை ராத்திரி முழுக்க ஊற வைத்தும் முன்பக்க வளைவில் உடைகிறது.

ஊற வைப்பதால் மரம் வளைவதில்லை, சூட்டினால்தான் வளைகிறது. இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். தண்ணீர் அந்தச் சூட்டை உள்ளே கொண்டுபோகும், இளகவும் உதவும். இரவெல்லாம் ஊறிய பட்டை உப்பியிருக்கும். அப்படியே ஒட்டினால் காய்ந்து சுருங்கியதும் பலகைகளுக்கு நடுவே கோடு கோடாக இடைவெளி. பத்து நிமிடம் நனைத்தால் போதும்.

60 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்றை எடுத்து, முனையைக் கழற்றிவிட்டு, அதன் உடலில் இறுக்கமாக நிற்கும்படி ஒரு பித்தளைக் குழாயைச் செருகி வைஸில் பிடியுங்கள். ஈரப் பட்டையை அதன் மேல் மெதுவாக அழுத்தி இழுத்தால் பட்டையே சொல்லும் எப்போது வளையத் தயார் என்று, கையில் அந்த இளகல் தெரியும். கடையில் விற்கும் வளைக்கும் கருவியும் உள்ளே இதுதான்.

கேள்வி: முன்னால் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன, நடுவில் சரியாக இருக்கிறது.

கப்பலின் சுற்றளவு நடுவில் அதிகம், மூக்கில் குறைவு. ஒரே அகலப் பட்டையை இரண்டு இடத்திலும் வைத்தால் ஏறாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் ஒரு காகித நாடாவைச் சுற்றி நீளம் எடுத்து, எத்தனை பலகையோ அத்தனையாகப் பிரித்துக் குறியுங்கள். ஒவ்வொரு பலகையையும் அந்தக் குறிக்கு ஏற்பக் கூராக்குங்கள். பாதி அகலத்துக்குக் கீழே மட்டும் போகாதீர்கள், போக வேண்டி வந்தால் இரண்டு பலகையை ஒன்றாக்குங்கள். பசை தடவுவதற்கு முன்னால் ஒரு வாரம் பென்சிலோடு மட்டும் உட்காருங்கள். சட்டங்களின் விளிம்பைச் சாய்வாக அரத்தால் தேய்த்தீர்களா என்றும் பாருங்கள், பாதிப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: சார், மிக்ஸி மோட்டார் சும்மா கிடக்கிறது, சின்ன மேசை ரம்பம் செய்யலாமா?

கூடாது. மிக்ஸி மோட்டார் சுமை இல்லாவிட்டால் தறிகெட்டு ஓடும், அதுவும் சில நிமிடங்கள் ஓடி நிற்பதற்கென்றே செய்தது. கொஞ்ச நேரத்தில் புகையும். உங்களுக்கு வேண்டியது பழைய வெட் கிரைண்டர் மோட்டார். மேசைக் கிரைண்டரில் பெரும்பாலும் 150 வாட் இண்டக்ஷன் மோட்டார், நிமிடத்துக்கு ஏறக்குறைய 1400 சுற்று, மணிக்கணக்கில் சூடேறாமல் ஓடும், சத்தமும் இல்லை. பழைய இரும்புக் கடையில் கெபாசிட்டரோடு சேர்த்துக் கேளுங்கள்.

ஆனால் ரம்பத்தில் தொடங்க வேண்டாம். முதலில் கனம் சீராக்கும் உருளை ஒன்று செய்யுங்கள். மரத்தைப் பட்டையாக அறுப்பதை எந்தத் தச்சுப் பட்டறையிலும் செய்து தருவார்கள், 1.5 மில்லிமீட்டர் கனத்தில் நூறு பட்டையைச் சீராக இழைத்துத் தர யாரும் மாட்டார்கள். பிளைவுட் வட்டங்களைத் தண்டில் கோத்து ஒட்டி 75 மில்லிமீட்டர் உருளை, இரண்டு பக்கமும் பேரிங், மோட்டாரிலிருந்து ஒரு பெல்ட், உருளை மேல் உப்புத்தாளைச் சாய்வாகச் சுற்றி ஒட்டுங்கள். அதற்கு முன் உருளையை வட்டமாக்க, அது ஓடும்போதே ஒரு தட்டையான பலகையில் உப்புத்தாள் ஒட்டிக் கீழிருந்து பிடித்தால் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். உருளைக்குக் கீழே ஒரு பக்கம் கீல் வைத்த பலகை, மறு பக்கம் எம்6 போல்ட். அந்த போல்ட்டின் மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். கீலிலிருந்து உருளை இருக்கும் தூரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி போல்ட்டை வைத்தால், ஒரு முழுச் சுற்றுக்கு உருளையின் கீழ் பலகை அரை மில்லிமீட்டர்தான் ஏறும். கால் சுற்று திருப்பினால் 0.12க்குக் கொஞ்சம் மேல். கடை இயந்திரம் இதைவிட நுணுக்கமாக ஒன்றும் செய்துவிடாது.

பட்டையை எப்போதும் உருளை சுற்றும் திசைக்கு எதிராகவே நுழையுங்கள். அது உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். மாற்றி நுழைத்தால் கையிலிருந்து பிடுங்கி எதிர்ச் சுவரில் எறியும். பெல்ட்டுக்கு மூடி, எர்த், முகமூடி மூன்றும் இல்லாமல் ஓட்டாதீர்கள். ரம்பத்துக்கு வரும்போது, தகடு மேலே எவ்வளவு தெரிகிறதோ அதை மூட ஒரு கவசமும், பின்னால் மரம் மூடிக்கொள்ளாமலிருக்க ஒரு பிளவுத் தகடும் இருந்தால் மட்டும் பேசுவோம்.

கேள்வி: மர ஆணிக்குப் பல்குத்தும் குச்சி பயன்படுத்தலாமா?

1:64ல் ஆணி அரை மில்லிமீட்டர் அளவில்தான் இருக்க வேண்டும், பல்குச்சி அதற்கு நாலு மடங்கு. மூங்கிலைக் கத்தியால் ரேகையோடு பிளந்து, துளைத் தகட்டின் வழியாகப் பெரிய துளையிலிருந்து சின்னத் துளைக்கு இழுத்துக்கொண்டே வாருங்கள். பொற்கொல்லர்கள் கம்பி இழுக்கும் தகடு இருந்தால் அதைப் பின்பக்கமாகத் திருப்பிப் பிடியுங்கள். கம்பியை நசுக்க வேண்டும் என்பதால் முன்பக்கத் துளை வாய் வழவழப்பாக இருக்கும், நமக்கோ சீவ வேண்டும், அதனால் கூரான விளிம்புதான் தேவை. இல்லையென்றால் ஒரு எஃகுத் தகட்டில் ஒன்றைவிட ஒன்று 0.1 மில்லிமீட்டர் சின்னதாகத் துளைகள் போட்டு நீங்களே செய்யலாம்.

கேள்வி: கிட்டில் வந்த நூல் கயிறு மாதிரியே இல்லை. கயிறு திரிக்கும் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லுங்களேன்.

இதற்காகத்தான் காத்திருந்தேன். பழைய பிரிண்டரின் பல்சக்கரங்களில் நடுவில் ஒன்று, சுற்றி மூன்று. மூன்றின் அச்சிலும் ஒரு கொக்கி. நடுச் சக்கரத்தைச் சுற்றினால் மூன்று கொக்கியும் ஒரே வேகத்தில் ஒரே திசையில் சுற்றும். எதிர்முனையில் சக்கரம் வைத்த சின்ன வண்டி, அதில் தடையில்லாமல் சுழலும் ஒற்றைக் கொக்கி, வண்டியின் மேல் கொஞ்சம் எடை. நடுவில் மூன்று பள்ளம் வெட்டிய கூம்பு. நூல்கள் முறுக்கேற ஏற வண்டி முன்னால் நகரும், எதிர்முனைக் கொக்கி தானாகச் சுற்றும், கூம்புக்குப் பின்னால் கயிறு பிறந்துகொண்டே வரும். மூன்றில் ஒரு பங்கு வரை நீளம் குறையும், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

திசைதான் எல்லோரும் கோட்டை விடும் இடம். தையல் நூல் ஆங்கில இசட் எழுத்தின் சாய்வில் முறுக்கப்பட்டிருக்கும். கொக்கிக்கு ஒரு நூல் போட்டு மூன்றையும் திரித்தால் வரும் கயிறு எஸ் பக்கம் சாயும். ஆனால் கப்பலின் பெரும்பாலான கயிறுகள் இசட் பக்கம் சாய்ந்தவை. நங்கூர வடம்தான் எஸ். அதனால் கொக்கிக்கு இரண்டு மூன்று நூலாகப் போட்டு எஸ் திசையில் முறுக்குங்கள், கயிறு இசட்டாக வரும். அப்படி வந்த மூன்று கயிற்றைச் சேர்த்துத் திரித்தால் வடம். அசல் கயிற்றுச்சாலையிலும் இதே படிகள்தான்.

நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தியில் பிசிர் வரும், 1:64ல் அந்தப் பிசிர் ஒவ்வொன்றும் விரல் நீளம். பழைய அட்டவணைகளில் 18 அங்குல வடம் என்று இருந்தால் அது சுற்றளவு, விட்டம் அல்ல. 3.14ஆல் வகுத்தால் 146 மில்லிமீட்டர், நம் அளவில் 2.3. விட்டம் என்று எடுத்துக்கொண்டால் 7 மில்லிமீட்டர் வடம் வந்து, நங்கூரத்தைவிட அது தடிமனாகத் தெரியும்.

கேள்வி: பாய்மரத்தை டிரில்லில் மாட்டி உப்புத்தாளால் தேய்த்தால் நெளிகிறது.

நெளியும். சதுரக் கட்டையை முதலில் கூராக்கி, பிறகு எட்டுப் பட்டை, அப்புறம் பதினாறு, கடைசியில்தான் உருளை. எட்டுப் பட்டைக்குக் கோடு போட ஒரு கருவி செய்யலாம்: ஒரு துண்டு மரத்தில் இரண்டு ஆணி, நடுவே இரண்டு பென்சில் முனை, இடைவெளிகள் 7, 10, 7 என்ற விகிதத்தில். இரண்டு ஆணியும் கட்டையின் இரு பக்கத்தையும் தொடும்படி சாய்த்துப் பிடித்து இழுத்தால், கட்டை மெலிய மெலியக் கோடுகளும் அதே விகிதத்தில் நெருங்கி வரும். டிரில் கடைசித் தேய்ப்புக்கு மட்டும்.

கேள்வி: ராஜேந்திர சோழன் கப்பல் செய்து தாருங்கள் ஐயா.

வரைபடம் இல்லை. எதைப் பார்த்துச் செய்வது? படங்களில் சுற்றுவதெல்லாம் ஓவியர்களின் கற்பனை. நம் கடற்கரைக் கப்பல்தான் வேண்டும் என்றால் மசூலா படகு செய்யுங்கள். மெட்ராஸில் துறைமுகம் கட்டுவதற்கு முன் பயணிகளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தவை. ஆணி இல்லை, உள்ளே சட்டமும் இல்லை, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தது. 1:24ல் அதைத் தைத்துப் பாருங்கள், ஐரோப்பியக் கப்பலைவிடச் சவால்.

கேள்வி: அடியில் செப்புத் தகட்டுக்குத் தையல்காரர் புள்ளி குத்தும் டிரேசிங் சக்கரத்தால் ஆணித் தலை போடலாமா?

எனக்குப் பிடிக்காது. அசல் தகடு 4 அடிக்கு 14 அங்குலம், 1:64ல் 19க்கு 5.6 மில்லிமீட்டர். ஆணிகள் மட்டமாக அடிக்கப்பட்டவை, பத்தடி தள்ளி நின்றாலே தெரியாது. செப்பு டேப்பை வெட்டி ஒட்டி, தானாகக் கறுக்க விடுங்கள்.

கேள்வி: பீரங்கியை 3டி பிரிண்டரில் எடுத்தால் ஏமாற்றா?

இல்லை. எடுங்கள்.

கேள்வி: கண்ணாடிப் பெட்டியில் வைத்த பழைய மாதிரியில் ஈய நங்கூரம் வெள்ளையாகப் பூத்து உதிர்கிறது. பூசணமா?

பூசணம் இல்லை, அரிப்பு. மரத்திலிருந்து, முக்கியமாக ஓக் மரத்திலிருந்து, அசிட்டிக் அமில ஆவி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். மூடிய பெட்டிக்குள் அது தேங்கி ஈயத்தைக் கார்பனேட்டாக மாற்றிவிடும். பெயின்ட் அடித்தாலும் அடியில் நடக்கும். அந்தப் பொடி விஷம், ஊதாதீர்கள், கையுறை போட்டு ஈரத் துணியால் எடுத்து உறையில் கட்டி வையுங்கள். நங்கூரத்தைப் பித்தளையிலோ கட்டையிலோ மாற்றிச் செய்துவிடுங்கள். பெட்டியின் அடிப்பலகையில் இரண்டு மூலையில் துளை போட்டு, தூசி வராமல் மெல்லிய துணி ஒட்டினால் காற்று ஓடும்.