வாரம் 7 ஷில்லிங்

கே: உலகத்தையே ஆண்ட 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் விவசாயக் கூலிகளும் வசதியாகத்தானே இருந்திருப்பார்கள்?
– வாசகர், மன்னார்குடி

ப: டார்செட் மாவட்டத்து டால்பட்டில் கிராமத்தில் 1830களில் வாரக் கூலி 9 ஷில்லிங்கிலிருந்து 8 ஆகி, 7 ஆகி, அடுத்து 6 என்று பேச்சு அடிபட்டது. 20 ஷில்லிங் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. ஜார்ஜ் லவ்லெஸ் என்ற கூலியாளும் இன்னும் 5 பேரும் சங்கம் வைத்தார்கள். 1824-லிருந்து அது குற்றமில்லை. ஆனால் ரகசியமாகச் சத்தியம் செய்துகொண்டார்களாம். கடற்படைக் கலகத்தை அடக்க 1797-ல் ரகசியச் சத்தியத்துக்கு எதிராகப் போட்ட சட்டம் ஒன்றைத் தேடிப்பிடித்து, 1834-ல் ஆறு பேரையும் 7 வருஷம் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தத் தீர்ப்பானது. (தேடிக் கொடுத்த குமாஸ்தாவுக்கு நிச்சயம் 7 ஷில்லிங்கைவிடக் கூடுதலாகத்தான் சம்பளம் இருந்திருக்கும்.) நாடே கொதித்தது. 1836-ல் மன்னிப்பு வழங்கினார்கள்.

கே: அந்தக் கூலியில் குடும்பம் எப்படி ஓடியது?
– வாசகி, தென்காசி

ப: ஓடவில்லை. அதனால்தான் பிள்ளைகள் வயலுக்குப் போனார்கள். வார்விக்‌ஷயரைச் சேர்ந்த ஜோசப் ஆர்ச்சுக்கு முதல் வேலை, விதைத்த வயலில் காக்கை விரட்டுவது. அப்போது வயது 9. 12 மணி நேரம் நின்றால் 4 பென்ஸ் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங்). வாரத்துக்கு 6 நாள் போனால் 2 ஷில்லிங். 7 ஷில்லிங் வீட்டில் அது பெரிய பணம்.

பெண்கள் பங்கு இதைவிட முக்கியம் என்பேன். அறுவடை முடிந்து கட்டுகள் வண்டியேறியதும், சிந்திய கோதுமைக் கதிர்களைப் பொறுக்க அம்மாவும் பிள்ளைகளும் இறங்குவார்கள். யாரும் முந்திக்கொள்ளக் கூடாதென்று பல ஊர்களில் மாதாகோவில் மணி அடித்த பிறகுதான் வயலில் கால் வைக்கலாம். பொறுக்கியதை அரைத்து வைத்தால் குளிர்காலத்து ரொட்டிக்கு ஆகும். கதிர் பொறுக்குவது ஏழைகளின் சட்ட உரிமை அல்ல என்று 1788-லேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊர் வழக்கமோ அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. அந்தப் பெண்கள் தீர்ப்பைப் படித்துக்கொண்டா இருந்தார்கள்?

அப்புறம் வீட்டுக் கொல்லையில் உருளைக்கிழங்கு, முடிந்தால் ஒரு பன்றி.

கே: வேலை போனால்?
– வாசகர், வேலூர்

ப: ஏழைகளுக்கான உதவியை மாற்றியமைத்த 1834 சட்டத்துக்குப் பிறகு, பல இடங்களில் ஏழைகள் விடுதிதான் கதி. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். ஆண்டோவர் விடுதியில் உரத்துக்காக எலும்பு நொறுக்கும் வேலை கொடுத்தார்கள். பசி தாங்காமல் அந்த எலும்பில் ஒட்டியிருந்ததைக் கடித்துத் தின்றார்கள் என்பது 1845-ல் அம்பலமானது.

கே: ஜோசப் ஆர்ச் பெயரை எங்கோ படித்த ஞாபகம். என்ன ஆனார்?
– வாசகர், காரைக்குடி

ப: 1872-ல் விவசாயக் கூலிகளுக்குச் சங்கம் கண்டார். 1884-ல் கிராமத்துக் கூலி ஆண்களில் பெரும்பாலோருக்கு ஓட்டுரிமை கிடைத்தது, மறு வருஷமே நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டார். வேல்ஸ் இளவரசரின் சாண்ட்ரிங்ஹாம் மாளிகை இவர் தொகுதிக்குள்தான் இருந்தது.