வகுப்பறையில் கைபேசி: விதியைத் திருத்த நினைப்போருக்கு ஒரு கேள்வி பதில்

(பதில் அளிப்பவர் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: ஐயா, என் மகன் பையில் கைபேசி இருந்ததென்று பறிமுதல் செய்துவிட்டார்கள். ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகுதான் தருவார்களாம். இது சரிதானா?
— பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்

பதில்: சரியில்லை அம்மா. நானும் அதைச் செய்தவன் என்பதால் சொல்கிறேன். என் அறையிலிருந்த இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில், பெயரும் வகுப்பும் எழுதிய துண்டுச் சீட்டை ரப்பர் பேண்டால் சுற்றி, கைபேசிகளை அடுக்கி வைத்திருப்போம். ஒரு நாள் மாலை பீரோவுக்குள் ஒரு கைபேசி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்துப் பேசினால், மறுமுனையில் ஒரு மேஸ்திரி. மறுநாள் கான்கிரீட் வேலைக்கு ஆள் வேண்டுமென்று அந்தப் பையனின் அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்ததே அந்த ஒரு கைபேசிதான். தவறு பையனுடையது, நாங்கள் பூட்டி வைத்ததோ அவன் அப்பாவின் பிழைப்பை. அன்றிலிருந்து, எடுத்த கைபேசியை அன்று மாலையே திருப்பித் தருவது, இரண்டாம் முறை என்றால் பெற்றோர் கையில் தருவது என்று மாற்றிக்கொண்டோம்.

கேள்வி: கைபேசியைத் தடை செய்தால் மதிப்பெண் கூடும் என்கிறார்களே, அதற்கு ஆதாரம் உண்டா?
— கணித ஆசிரியர்

பதில்: ஓரளவுக்கு உண்டு. இங்கிலாந்தில் நான்கு நகரங்களின் 91 பள்ளிகளை வைத்து 2015இல் வெளியான ஆய்வு, தடைக்குப் பின் தேர்வு மதிப்பெண் சற்றே உயர்ந்ததாகக் கண்டது. படிப்பில் பின்தங்கிய மாணவர்களிடம்தான் அந்த உயர்வு தெரிந்தது. முன்னணியில் இருந்தவர்களுக்குத் தடையால் லாபமுமில்லை, நட்டமுமில்லை. ஸ்வீடனில் அதே முறையில் செய்து பார்த்தபோது பலன் எதுவும் தென்படவில்லை. பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 30 பள்ளிகளை ஒப்பிட்டு 2025இல் வெளியிட்ட ஆய்விலும், தடையுள்ள பள்ளி மாணவர்களின் மனநலம் மற்றவர்களைவிட மேம்பட்டதாகக் காணப்படவில்லை. பள்ளியில் பார்க்காததை அவர்கள் வீட்டில் பார்த்து ஈடுகட்டிவிடுகிறார்கள் போலும். ஆகவே தடையை மதிப்பெண்ணுக்கான மருந்தென்று பெற்றோரிடம் விற்காதீர்கள். நாற்பது நிமிடப் பாடவேளை குலையாமல் நடக்க வேண்டும் என்பதே விதிக்குப் போதிய காரணம்.

கேள்வி: என் மகள் இரண்டு பேருந்து மாறி வீடு திரும்புகிறாள். கைபேசியே கொண்டுவரக் கூடாது என்றால் நாங்கள் என்ன செய்வது?
— ஒரு தந்தை

பதில்: கொண்டு வருவதும் பயன்படுத்துவதும் வேறு வேறு என்பதைத்தான் பல பள்ளி விதிகள் பார்க்கத் தவறுகின்றன. 2025இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னது: மாணவர்கள் கைபேசி எடுத்துவருவதை முற்றாகத் தடுக்க வேண்டாம், வசதியுள்ள பள்ளிகள் காலையில் வாங்கி வைத்து மாலையில் தரலாம், வகுப்பறையில் பயன்படுத்தவும், படமோ ஒலியோ பதிவு செய்யவும் இடமில்லை, விதியை வகுக்கும்போது பெற்றோரையும் ஆசிரியர்களையும் கலந்துகொள்ள வேண்டும்.

கொண்டுவரவே கூடாது என்றால் என்ன ஆகும் என்பதை நியூயார்க் மாநகரம் பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே 2006 முதல் தடை கடுமையாக்கப்பட்டது. வாயிலில் உலோகச் சோதனைக் கருவி இருந்த பள்ளிகளின் மாணவர்கள், வெளியே நின்ற வேன்களிடம் நாளுக்கு ஒரு டாலர் கொடுத்துக் கைபேசியை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். கருவி இல்லாத பள்ளிகளில் பிள்ளைகள் அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்கள். கருவி வைத்த பள்ளிகளில் படித்தவர்கள் பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகள்; அவர்களிடமே வசூலித்த அந்த விதி 2015இல் நீக்கப்பட்டது. பிறகு 2025இல் மாநிலமே பள்ளி நேரம் முழுவதற்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, கைபேசியை வைக்கும் வழியைப் பள்ளியே செய்துதர வேண்டும் என்றும் அவசரத்தில் பெற்றோர் பிள்ளையைத் தொடர்புகொள்ள வழி இருக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது.

கேள்வி: அறுநூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வாங்கி வைப்பது நடக்கிற காரியமா?
— தலைமையாசிரியர்

பதில்: அலுவலகத்தில் ஒரே இடத்தில் வாங்கினால் நடக்காது, நாங்கள் அப்படித் தொடங்கி, மாலை மணி அடித்த பின் அரை மணி நேரம் வரிசை நின்று, பேருந்தைத் தவறவிட்ட பிள்ளைகளின் வசவைக் கேட்டோம். வகுப்புவாரியாகச் செய்யுங்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் எண்ணிட்ட அறைகள் கொண்ட ஒரு மரப்பெட்டி. மாணவரின் வருகைப்பதிவு எண்ணே அறையின் எண். முதல் பாடவேளையில் வருகை எடுக்கும்போதே, அணைத்த கைபேசியை அவரவர் வைத்துவிட வேண்டும். உள்ளூர் தச்சர் செய்துதரும் பெட்டியே போதும். காணாமல் போனால் பொறுப்பு யாருடையது என்பதை மட்டும் பெற்றோர் கூட்டத்தில் பேசித் தீர்மானமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பாதிச் சண்டை அதில்தான். பள்ளித் தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்ல ஓர் ஆளும் எப்போதும் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் எந்தப் பெற்றோரும் உங்கள் பெட்டியை நம்ப மாட்டார்கள்.

கேள்வி: ஆசிரியர்கள் மட்டும் வகுப்பில் கைபேசி பார்க்கலாமா?
— பதினொன்றாம் வகுப்பு மாணவி

பதில்: இன்று வருகைப்பதிவே செயலியில்தான் நடக்கிறது, அதற்கு எடுக்கத்தான் வேண்டும். அதைத் தாண்டி, பாடம் நடக்கும்போது எடுப்பது தவறு. விதியில் ஆசிரியருக்கும் ஒரு வரி எழுதுங்கள் என்று நான் சொன்னபோது, முகம் சுளித்தவர்கள் மாணவர்கள் அல்லர்.

கேள்வி: பாடநூலிலேயே க்யூஆர் குறியீடு அச்சிட்டிருக்கிறார்கள், வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது. பிறகு எதற்குத் தடை?
— ஒரு தாய்

பதில்: நியாயமான கோபம். குறியீட்டுக் காணொளியை ஆசிரியர் வகுப்புத் திரையில் ஒருமுறை காட்டினால் நாற்பது கைபேசி தேவையில்லை. வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதி, நாட்குறிப்பில் குறிக்கச் சொல்வதுதான் முறை. இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பும் பள்ளி, பிள்ளை கைபேசியும் கையுமாக இருக்கிறான் என்று அவன் பெற்றோரைக் கூப்பிட்டுக் கண்டிக்க முடியாது.

கேள்வி: என் மகனுக்கு முதல் வகை நீரிழிவு. கையில் ஒட்டியுள்ள உணரி, சர்க்கரை அளவைக் கைபேசிக்குத்தான் அனுப்புகிறது. அவனும் பெட்டியில் வைக்க வேண்டுமா?
— ஒரு தாய்

பதில்: வேண்டியதில்லை அம்மா. பிரான்ஸ் 2018இல் கொண்டுவந்த தடைச் சட்டத்திலேயே உடல்நலக் காரணங்களுக்கு விலக்கு இருக்கிறது. மருத்துவர் கடிதத்தின் நகலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, வகுப்பாசிரியரின் பதிவேட்டிலும் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். மாற்று ஆசிரியர் வரும் நாளில் அவரிடமும் அந்தக் குறிப்பு போய்ச் சேருகிறதா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.